கிண்ணம் பால்டிமோருக்குப் போயிருக்கிறது

டல்லி முனை, மேரிலாந்து
9 மார்ச் 1987

அன்புள்ள லோயிஸ்,

நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உனக்கும் ஹார்லனுக்கும் உடம்பு எப்படி?

உன் மகன் வந்து சேர்ந்துவிட்டான். சாம்பல் புதன் ஆராதனை முடிந்து, நெற்றியில் பூசிய சாம்பலைக்கூடத் துடைக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். இறங்கியதும் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, எனக்கு முன்னாடி நீங்க மண்ணாயிட்டீங்களா?" என்றான் எவரெட். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அவன் கோட்டைக் கழற்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்தொரு வயது ஆள். பதினைந்து வயதில் நம் கோயில் ஊர்வலத்தில் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் போவானே, அப்போது இருந்த சதைகூட இப்போது இல்லை.

அம்மா கடைசியாகப் படுத்திருந்த கீழறையைக் கொடுத்திருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ டாக்டர் கொடுத்தனுப்பிய காகிதங்களை வரி விடாமல் படித்தேன். தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள், எனக்குப் புரியாதா? ஆனாலும் நீலக்கரை போட்ட தட்டு ஒன்றை அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அது அவனுக்கு ராசியான தட்டு என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டிக்கொண்டான்.

ஊரில் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறேன். எய்ட்ஸ் என்ற சொல்லை இந்த ஒரு கடிதத்தில் எழுதுகிறேன், இனி எழுதமாட்டேன். போன் ஹாலில் இருக்கிறது, பேசினால் அவன் காதில் விழும். அதனால் நீயும் கடிதமே போடு.

ஹார்லன் ஏன் அவனை உங்கள் வீட்டில் சேர்க்கமாட்டேன் என்றார் என்று நான் கேட்கப்போவதில்லை. மாற்றாந்தகப்பன்தானே.

ஈஸ்டருக்குப் பீடத்தை அலங்கரிக்க ஒவ்வொரு பெயரிலும் கொடுக்கும் லில்லிகளுக்குப் பெயர் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். யார் யார் பெயரில் என்று எழுது.

அக்கா வெர்னா

----

வெல்டன், ஒஹாயோ
17 மார்ச் 1987

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நாங்கள் இருக்கிறோம். ஹார்லனுக்கு முதுகு பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியவில்லை.

நீ செய்யும் உதவியை எப்படிச் சொல்வது? ஹார்லனைத் தப்பாக நினைக்காதே. அவருடைய மகன் வீட்டுக் குழந்தைகள் வாரம் தவறாமல் இங்கே வருகிறார்கள். சின்னக் குழந்தைகள். அவர் பயமும் ஒரு பயம்தானே.

எவரெட் திருவிருந்துக்குப் போகிறானா? அவனுக்குப் பாலில் ஊறவைத்த சோளரொட்டி பிடிக்கும், வயிறு தாங்கினால் கொடு. ஊரார் எப்படி இருக்கிறார்கள்? எல்லோரும் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள்தானே.

லில்லி இரண்டு. அப்பா அம்மா பெயரில் ஒன்று, "நினைவாக" என்ற தலைப்பில். எவரெட் பெயரில் ஒன்று, "நன்றியாக" என்ற தலைப்பில். அக்கா, தட்டச்சு செய்யும்போது கவனம். உயிரோடு இருக்கிறவனைச் செத்தவர்கள் வரிசையில் போட்டுவிடாதே.

ஈஸ்டருக்கு எப்படியும் வந்துவிடுவேன். அவனிடம் சொல்லிவை.

உன் தங்கை லோயிஸ்

----

டல்லி முனை
7 ஏப்ரல் 1987

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொல்லிப் பெரியம்மா பக்கத்தில் நிற்கிறார்கள். நன்றாக இருக்கிறேன். இப்போது அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள், இனி உண்மையை எழுதலாம். நன்றாகத்தான் இருக்கிறேன், கண்ணாடியைப் பார்க்காத வரைக்கும்.

புற்றுநோய்க் கதை மூன்று வாரம்கூட ஓடவில்லை. பீடச் சங்கத்து மில்ட்ரெட் அம்மாவின் மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்புறம் என்ன, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இரண்டு ஞாயிறுக்கு முன்னால் திருவிருந்துக்கு நான் நடுவரிசையில் போய் முழங்கால் போட்டேன். எல்லோரும் வாய்வைத்துக் குடிக்கும் திராட்சரசக் கிண்ணம் எனக்குப் பிறகு போன இடமெல்லாம் தலை குனிந்தது, வாய் திறக்கவில்லை. அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். பதினோரு பேர், எண்ணினேன். பாதிரியார் பிரென்டிஸ் பாவம், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலை போகாத மீன்காரன்போல நின்றார்.

மறுநாள் மில்ட்ரெட் அம்மா நம் சமையலறைக்கு வந்து பேசியது சுவர் வழியாகக் கேட்டது. "வெர்னா, தப்பா எடுத்துக்காதே. உன் பையன் கடைசியா வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. நோயாளிதானே, மெதுவா நடந்து வரட்டுமே."

"அவன் மெதுவாத்தான் நடக்கறான்" என்றார்கள் பெரியம்மா.

அதனால் இப்போது நான் கடைசி. பிந்தினவர்கள் முந்தினவர்கள் ஆவார்கள் என்று வேதத்திலேயே இருக்கிறதே, எனக்கு என்ன நஷ்டம்? எனக்குப் பின்னால் பெரியம்மா ஒருவர்தான் வருகிறார்கள். பீடத்துப் பாத்திரங்களையும் துணிகளையும் பார்த்துக்கொள்ளும் பீடச் சங்கத்துக்கு அவர்கள் தலைவி, கடைசியில் வருவது வழக்கம்தான். ஆனால் அவர்களும் அப்பத்தோடு எழுந்துவிடுகிறார்கள் அம்மா. ஜலதோஷமாம்.

இதை அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். எனக்காகக் காலையில் நாலு மணிக்கு எழுந்து படுக்கைத் துணி துவைக்கிறவர்கள் அவர்கள்தான்.

ஈஸ்டருக்கு வருகிறீர்கள் அல்லவா? கழுத்துப்பட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

எவரெட்

----

டல்லி முனை
22 ஏப்ரல் 1987

அன்புள்ள லோயிஸ்,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். நீ வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டோம். எவரெட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான், மற்றவர்கள் திடீரென்று வாலிபர்களுக்கு வழிவிட்டார்கள். வாலிபர்கள் முதியவர்களுக்கு வழிவிட்டார்கள். பாதிரியார் அவன் ஒருவன் காலை மட்டும் நெடுநேரம் கழுவினார். அதற்குப் பிறகு பீடத்தின் துணிகளை எல்லாம் உரித்து, விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தோம்.

சனி இரவு கல்லறைத் தோட்டத்தில் புதுநெருப்பு மூட்டும்போது கடலிலிருந்து ஒரே காற்று. மூன்று முறை அணைந்தது. எவரெட்தான் தன் மேல்கோட்டை விரித்து மறைத்துப் பிடித்துப் பற்றவைத்தான். அந்த நெருப்பில் ஏற்றிய ஈஸ்டர் மெழுகுவர்த்தி இப்போது பீடத்தருகே நிற்கிறது.

லில்லி நாற்பத்தாறு. வாசனை தாங்காமல் பாட்டுக்குழுவில் பாதிப் பேர் தும்மினார்கள். "நன்றியாக" என்ற தலைப்பில் மூன்றே பெயர்கள். எவரெட்டின் பெயர் முதலில், எழுத்துப் பிழை இல்லாமல்.

பன்றித்தொடை நன்றாக வெந்திருந்தது. நம் திருவிருந்துக் கிண்ணம் மெருகு போட பால்டிமோருக்குப் போயிருக்கிறது, அதனால் ஈஸ்டருக்கு, நோயாளிகளுக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும் பெட்டியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தை வைத்துச் சமாளித்தோம்.

அவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு மதியம் இரண்டு மணிவரை ஜன்னலில் உட்கார்ந்திருந்தான்.

வெர்னா

----

வெல்டன்
2 மே 1987

அன்புள்ள அக்கா,

என்னை மன்னித்துவிடு. எவரெட்டிடமும் சொல். கிளம்ப இருந்த வாரத்தில் ஹார்லனின் முதுகு திரும்பவும் பிடித்துக்கொண்டது. வேறு யார் ஓட்டுவார்கள்? பஸ்ஸில் வந்திருக்கலாம் என்று நீ சொல்வாய். வந்திருக்கலாம்.

உன் கடிதத்தில் ஒன்று எனக்குப் புரியவில்லை. நானும் கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் பீடச் சங்கத்தில் உன்னோடு வெள்ளி தேய்த்தவள். லண்டனிலிருந்து கப்பலில் வந்த கிண்ணம், இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஈஸ்டருக்கும் அந்தப் பீடத்தை விட்டு நகராதது. அதை ஈஸ்டர் நேரத்தில் யாராவது மெருகுக்கு அனுப்புவார்களா? ஒரு மாசம் கழித்து அனுப்பினால் என்ன? என்ன நடந்தது அக்கா?

அவனுடைய லில்லி எங்கே? ஈஸ்டர் முடிந்ததும் லில்லிகளை வாசல் தாண்டாத நோயாளிகளுக்குத்தானே கொண்டுபோய்க் கொடுப்போம்?

பரமேறுதல் திருநாளுக்கு வருகிறேன். இந்த முறை நிச்சயம்.

லோயிஸ்

----

டல்லி முனை
29 மே 1987

அன்புள்ள லோயிஸ்,

பதில் தாமதம். கையெழுத்தும் ஒரு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். அவனைத் தூக்கி உட்காரவைத்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

நேற்று பரமேறுதல் திருநாள். நீ வரவில்லை, இந்த முறை நான் அவனிடம் சொல்லியிருக்கவும் இல்லை. போன ஞாயிறு படகுகளை ஆசீர்வதிக்க ஊர்வலம் துறைக்குப் போனது. பாதிரியார் தண்ணீர் தெளிக்கையில் ஹாரிங்டன் கிழவன், "சாமி, இஞ்சின் மேல மட்டும் தெளிக்காதீங்க" என்று கத்தினான். எவரெட்டிடம் வந்து சொன்னேன், சிரித்தான். சிரித்தால் இருமுகிறான், அதனால் நல்ல செய்திகளைக் குறைத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு இனி அவனால் வர முடியாது. பாதிரியார் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்கிறார். லில்லி பின்கட்டில் இருக்கிறது, பூ உதிர்ந்துவிட்டது.

மற்றதற்கெல்லாம் நேரில் பதில் சொல்கிறேன். நீ நேரில் வந்தால்.

வெர்னா

----

டல்லி முனை
9 ஜூன் 1987

அம்மாவுக்கு,

இது நான் சொல்லப் பாதிரியார் எழுதுவது. அதனால் கெட்ட வார்த்தை இருக்காது.

கிண்ணத்தைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்டீர்களாம். பிளீச்சில் போட்டுக் கெடுத்தது நான்தான் என்று ஊரில் யாராவது சொன்னால், ஆமாம் என்று நம்பிவிடுங்கள். மேலே கேட்காதீர்கள்.

நேற்று முன்தினம் பெந்தெகொஸ்தே. ஐம்பது நாள் முடிந்து ஈஸ்டர் மெழுகுவர்த்தியை ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் நகர்த்திவிட்டார்கள். இனி ஞானஸ்நானத்துக்கும் சாவுக்கும்தான் ஏற்றுவார்கள். எனக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது.

அம்மா, ஹார்லனிடம் கேளுங்கள். ஒருநாள் போதும். நீங்கள் வீட்டுக்குள் வரவேண்டாம், என்னைக் கொண்டுபோகவும் வேண்டாம். வண்டியை இந்தத் தெருமுனையில் நிறுத்தினால் போதும், ஜன்னலிலிருந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய எதையும் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள்.

எவரெட்

----

வெல்டன்
30 ஜூன் 1987

அன்புள்ள அக்கா,

எவரெட் போய்விட்டான் என்று போனில் நீ சொன்னபோது ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. ஞாயிறு காலை, கோயில் மணி அடிக்கிற நேரத்தில் என்று சொன்னாய். மணிச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமா?

நாளை அடக்கத்துக்கு நான் வர முடியாது. ஹார்லன் முதுகு வலியால் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைத் தனியாக விட்டு எப்படி வருவது? அவர் குணம் உனக்குத் தெரியும். அவனுடைய பழைய ஜெபப் புத்தகத்தை அவன் கையில் வை.

லோயிஸ்

----

டல்லி முனை
6 ஜூலை 1987

லோயிஸ்,

உன் கடிதம் அடக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. படுத்த படுக்கையாக இருக்கிற உன் புருஷன் அதற்குள் இங்கே வந்துபோய்விட்டார்.

புதன் காலை பத்து மணிக்கு வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். ஒன்பது மணி நேரம் ஒற்றை ஆளாக ஓட்டியிருக்கிறார். நேராக நடந்தார், முதுகில் ஒரு வலியும் இல்லை. என் வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். "இப்ப எதுக்கு வந்தீங்க? பையனை வாசல்லயே நிறுத்தினவருக்குப் பெட்டியைப் பார்க்க என்ன ஆசை?" என்று கேட்டேன்.

தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "வெர்னா, நான் அவனை வரச்சொன்னேங்க. பின்னறைக்கு வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு வச்சிருந்தேன். அவதான் வேண்டாம்னா. அக்கம்பக்கம் என்ன சொல்லும்னா. நான் ஒத்துக்கலைன்னு அவ உங்ககிட்ட சொல்லியிருக்கான்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

அவன் கடைசியாக எழுதிய கடிதத்தையும் நீ அவரிடம் காட்டவில்லையாம். நான் சொன்னபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கினார்.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நீ கேட்டாயே, என்ன நடந்தது என்று. எழுதுகிறேன்.

பெரிய வியாழன் ஆராதனை முடிந்து கிண்ணம் கழுவ என் கைக்கு வந்தது. அவன் குடித்த கிண்ணம். முதலில் அலசிய தண்ணீரை வழக்கப்படி, மண்ணுக்குப் போகும் தொட்டியில் ஊற்றினேன். அதோடு துடைத்து வைத்திருக்கவேண்டும். அலமாரிக்குக் கீழே தரை கழுவும் பிளீச் இருந்தது. என் கையே எடுத்தது என்று சொல்லமாட்டேன், நான்தான் எடுத்தேன். ஒரு நிமிஷம் என்று நினைத்து ஊற்றினேன், பிறகு ஒரு நிமிஷம் போதுமா என்று யோசித்தேன். மூடிவைத்துவிட்டு வந்தேன். பெரிய வெள்ளி அன்று கிண்ணத்துக்கு வேலை இல்லை. சனி காலையில் திறந்தால் உள்ளே பூசிய தங்கம் உரிந்து, வெள்ளி முழுக்கக் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மில்ட்ரெட்டும் மற்றவர்களும் லில்லித் தொட்டிகளோடு உள்ளே வந்தார்கள். எவரெட்டும் கூட வந்தான். மில்ட்ரெட், "ஐயையோ, யாரு பண்ணின வேலை இது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "நான்தான். பெரியம்மாவுக்கு உதவி பண்றேன்னு பிளீச்சுல போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க" என்றான். ஒன்பது வருஷம் பீடத்தில் வேலை செய்தவன், வெள்ளியில் என்ன படக்கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? மில்ட்ரெட், "பாவம், அவனுக்கே அவன் மேல பயம்" என்றாள். நான் சும்மா நின்றேன். பத்தொன்பது வருஷத் தலைவி, லோயிஸ். சும்மா நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏண்டா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "நீங்க இந்த ஊர்ல இன்னும் ரொம்ப நாள் இருக்கணுமே பெரியம்மா" என்றான்.

கிண்ணம் போன வாரம்தான் திரும்பி வந்தது, புதுத் தங்கப் பூச்சோடு. அடக்க ஆராதனையில் அதையே வைத்தோம். பெட்டியின் தலைமாட்டில் ஈஸ்டர் மெழுகுவர்த்தி எரிந்தது. கோயில் நிறைந்த கூட்டம். மில்ட்ரெட் முதற்கொண்டு எல்லோரும் முழங்கால் போட்டு, கிண்ணத்தைப் பிடித்து நன்றாகக் குடித்தார்கள். அவன் பெட்டிக்குள் இருந்தானே, இனி யாருக்கு என்ன பயம்? நானும் குடித்தேன்.

கிண்ணத்தைப் பற்றி இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வெர்னா

----

டல்லி முனை
24 பிப்ரவரி 1988

லோயிஸ்,

ஏழு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமா என்று கேட்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை, நலமா?

ஈஸ்டர் லில்லிப் பட்டியலைத் தட்டச்சு செய்கிறேன். இந்த வருஷம் எவரெட்டின் பெயரை எந்தத் தலைப்பில் போடவேண்டும் என்று நீயே சொல்லிவிடு. எனக்குக் கை வரவில்லை. பீடச் சங்கத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால், "கிண்ணத்தைக் கெடுத்தானே, அந்தப் பிள்ளை" என்றுதான் சொல்கிறார்கள். நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். ஈஸ்டருக்கு முன் எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். போன மாசமும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று பிளீச்சைக் கொட்டினேனே, அந்தத் தொட்டித் தண்ணீர் மண்ணில் இறங்கும் இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை.

வெர்னா

----

வெல்டன்
14 மார்ச் 1988

அன்புள்ள அக்கா,

இருக்கிறேன். ஹார்லனும் இருக்கிறார். சாவி எங்கே, உப்பு எங்கே என்று கேட்பார், எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. வெள்ளையடித்த அந்தப் பின்னறைக் கதவை அவர் மூடவிடுவதில்லை. அதைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு நாளும் சமையலறைக்குப் போகவேண்டும்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பெரிய பதில் இல்லை. இங்கே நான் போகும் கோயிலில் எனக்கு நல்ல பெயர். அவ்வளவுதான் அக்கா. நீ கிண்ணத்தைக் கழுவினாய், நான் வீட்டைக் கழுவி வைத்துக்கொண்டேன்.

நீ எழுந்து நின்று சொல்லப்போவதில்லை. நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், எனக்குத் தெரியும்.

லில்லி ஒன்று வை. எவரெட்டின் பெயரைப் போன வருஷம் போட்ட அதே இடத்தில், "நன்றியாக" என்ற தலைப்பில் போடு. செத்தவன் பெயர் அங்கே வரக்கூடாது என்று மில்ட்ரெட் சொன்னால், தாய் கேட்டாள் என்று சொல்.

கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர் வேண்டாம். உன் பெயரும் வேண்டாம். ஹார்லன் என்று போடு.

லோயிஸ்